படிவம் நிரப்பியவரைத் தேடியே வருகிற சட்டம்

கனடாவில் துவக்கு லைசன்ஸ் வைத்திருக்கிற ஒவ்வொருவருடைய பெயரும் நாள்தோறும் பொலிஸ் பதிவுகளோடு ஒத்துப்பார்க்கப்படுகிறது. வீட்டில் அடிதடி, யாரையோ மிரட்டினார், பொலிஸ் வந்து போனது என்று எங்காவது பதிவானால் அந்தத் தகவல் மாகாணத்தின் தலைமைத் துவக்கு அதிகாரிக்குப் போய்ச் சேரும். அவர் விசாரிப்பார், தேவை என்று கண்டால் லைசன்ஸைப் பறிப்பார். இப்படித் தினமும் சோதிக்கப்படுவதற்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவர்கள் இந்த நாட்டில் 22 லட்சத்துக்கும் மேல். அவர்களில் நானும் ஒருவன். இந்தச் சோதனை பற்றி எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. என் கோபம் அரசியல் கட்சிகள் மேல். முதலில் லிபரல் கட்சி, அதற்குச் சற்றும் குறையாமல் கொன்சவேற்றிவ் கட்சி.

நம்முடைய ஆக்கள் கூடுகிற இடத்தில் இந்தக் கதை வந்தால் முதல் கேள்வி ஒன்றுதான்: "உனக்கு எதுக்கு உந்தத் துவக்கு? அங்க பார்த்தது காணாதா?" கேட்பவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. சென்ரியில் நெஞ்சுக்கு நேரே நீட்டின துவக்கைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். துவக்கு என்றால் ஆமியும் இயக்கமும் காணாமல்போன பிள்ளைகளும்தான் நினைவுக்கு வரும். ஆனால் வன்னிச் சனத்துக்கு இன்னொரு நினைவும் உண்டு. இடியன் துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு பன்றி வேட்டைக்குப் போன அப்பப்பாவின் நினைவு அது. ஒன்ராறியோவின் வடக்கில், சஸ்காச்சுவான் பண்ணைகளில், கிறீ பூர்வகுடி மக்களின் ஊர்களில் துவக்கு என்றால் அந்த இரண்டாவது நினைவுதான். நான் நவம்பரில் மான் வேட்டைக்குப் போகிறவன். இறைச்சி கிடைத்தால் அயலட்டைக்கும் பங்கு போகும். எனக்கும் துவக்குக்கும் உள்ள உறவு அவ்வளவுதான்.

இங்கே லைசன்ஸ் எப்படி எடுப்பது என்று தெரியாமலே பலர் இந்த விவாதத்தில் இறங்குகிறார்கள். அமெரிக்கச் செய்திகளைப் பார்த்துவிட்டு, கனடாவிலும் கடைக்குப் போய்க் காசைக் கொடுத்தால் துவக்கைக் கையில் தருவார்கள் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முதலில் பாதுகாப்பு வகுப்பு. எழுத்துப் பரீட்சை, செய்முறைப் பரீட்சை இரண்டிலும் 80 வீதம் எடுக்க வேண்டும். பிறகு விண்ணப்பம். மன அழுத்தத்துக்குச் சிகிச்சை பெற்றீர்களா, தற்கொலைக்கு முயன்றீர்களா என்று கேட்பார்கள். கடந்த இரண்டு வருடங்களில் மணமுறிவு, வேலை இழப்பு, வங்குரோத்து ஏதும் நடந்ததா என்றும் கேட்பார்கள். உங்களைத் தெரிந்த இரண்டு பேர் உங்களுக்காகப் பொறுப்புச் சொல்ல வேண்டும். முதல் தடவை விண்ணப்பிப்பவர் ஆகக் குறைந்தது 28 நாள் காத்திருக்க வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வீட்டில் ரவை ஏற்றாமல் பூட்டி வைக்க வேண்டும். கைத்துவக்கு என்றால் விசையில் ஒரு பூட்டு, பெட்டியில் இன்னொரு பூட்டு.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, உங்களோடு வாழ்கிற மனைவியோ கணவனோ அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது. போடாவிட்டால் அதிகாரி அவரைத் தொடர்புகொள்வார். கடந்த இரண்டு வருடத்துக்குள் பிரிந்துபோன துணைக்கும் தகவல் போகும். என் மனுசி கையெழுத்து வைக்க முதல் என்னைக் குடைந்து குடைந்து கேள்வி கேட்டா. கேட்கத்தான் வேண்டும். கனடாவில் துவக்கால் சாகிறவர்களில் முக்கால்வாசிப்பேர் வரை தங்களைத் தாங்களே சுட்டுச் சாகிறவர்கள். மிச்சத்தில் வீட்டுக்குள்ளே நடக்கிற கொலைகளும் உண்டு. அந்தச் சாவுகளைத் தடுக்கக்கூடிய கை, வீட்டில் கூட இருப்பவரின் கைதான். சட்டம் முழுவதிலும் ஆகச் சிறந்த பகுதி எது என்று கேட்டால் இந்தக் கையெழுத்தைத்தான் காட்டுவேன்.

ஆக, லைசன்ஸ் என்பது அரசும் நானும் செய்துகொண்ட உடன்படிக்கை. அரசு என் வீட்டையும் மனதையும் துருவிப் பார்க்கும். நான் ஒன்றையும் ஒளிக்க மாட்டேன். சட்டப்படி நடக்கிற வரைக்கும் அரசு என்னை நம்பும். இந்த மூன்றாவது பகுதியைத்தான் கட்சிகள் கைவிட்டன.

இதை விளங்கிக்கொள்ள 1989 டிசம்பர் 6ஆம் திகதிக்குப் போக வேண்டும். மொன்றியலில் எக்கோல் பொலிரெக்னிக் என்ற பொறியியல் கல்லூரிக்குள் ஒருவன் புகுந்தான். வகுப்பில் ஆண்களை வெளியே அனுப்பிவிட்டுப் பெண்களைச் சுட்டான். அன்று 14 பெண்கள் கொல்லப்பட்டார்கள். அவன் தன் துவக்கைச் சட்டப்படி வாங்கியிருந்தான். இன்றைக்கு நான் மேலே சொன்ன வகுப்பு, காத்திருப்பு, பூட்டு எல்லாவற்றுக்கும் பின்னால் அந்தப் பெண்களின் பெற்றோரும் தோழிகளும் வருடக்கணக்காகக் கதவு கதவாகத் தட்டிய உழைப்பு இருக்கிறது. துவக்கு வைத்திருக்கிற எவரும் அதை மறக்கக்கூடாது.

முதல் சட்டத்தைக் கொண்டுவந்தது லிபரல் கட்சி அல்ல. பிரையன் மல்ரோனியின் கொன்சவேற்றிவ் அரசுதான் 1991இல் சி-17 சட்டத்தை நிறைவேற்றியது. நீதி அமைச்சர் கிம் காம்பெல். இன்றைய கொன்சவேற்றிவ்காரர் யாரும் இதைப் பெருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. 1995இல் ஜோன் கிறேத்தியன் அரசின் சி-68 வந்தது. அதில் இரண்டு விஷயங்களைச் சேர்த்துக் கட்டினார்கள். ஒன்று ஆளுக்கு லைசன்ஸ். மற்றது ஒவ்வொரு நீளத் துவக்குக்கும் பதிவு. லைசன்ஸ் நல்ல யோசனை. பதிவேடு காசை விழுங்கியது. வருமானம் கழித்து 20 லட்சம் டொலர்தான் செலவு என்று சொல்லித் தொடங்கினார்கள். 2002இல் தலைமைக் கணக்காய்வாளர் ஷீலா பிரேசர், திட்டத்தின் செலவு 100 கோடி டொலரைத் தாண்டப்போகிறது என்று அறிக்கை வைத்தார். மேற்கு மாகாணங்களில் லிபரல் கட்சியின் பெயர் கெட்டதற்கு இந்தப் பதிவேட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

சி-68இல் இன்னும் இரண்டு விஷயங்கள் இருந்தன. லைசன்ஸ் இல்லாமல் துவக்கு வைத்திருப்பது குற்றவியல் சட்டப்படி குற்றம், ஐந்து வருடம் வரை சிறை. நியாயமாகத்தான் தெரியும். ஆனால் புதுப்பிக்கிற கடிதம் கைக்குக் கிடைக்காமல், லைசன்ஸ் முந்தாநாள் முடிந்துபோன எழுபது வயதுக் கிழவனுக்கும் அன்று அதே பிரிவுதான். மற்றது, எந்தத் துவக்கு சாதாரணம், எது கட்டுப்படுத்தப்பட்டது, எது தடை என்று தீர்மானிக்கிற அதிகாரம் மந்திரிசபையின் கையில் இருந்தது. பாராளுமன்ற விவாதம் வேண்டாம், வாக்கெடுப்பு வேண்டாம், ஒரு கட்டளை போதும். துவக்குக்காரர்களின் முப்பது வருடக் கோபத்தின் வேர் இந்த இரண்டு இடத்திலும்தான் இருக்கிறது. பதிவேடு எல்லாருக்கும் தெரிந்தது. இந்த இரண்டும் பலருக்குத் தெரியாது.

இனி கொன்சவேற்றிவ் கட்சிக்கு வருவோம். ஸ்ரீபன் ஹார்ப்பர் 2006இல் ஆட்சிக்கு வந்தார். துவக்குக்காரர்கள் அந்தக் கட்சிக்காகக் கூட்டம் வைத்தார்கள், காசு கொடுத்தார்கள், பதாகை நட்டார்கள். 2011இல் பெரும்பான்மையும் கிடைத்தது. 2012 ஏப்ரலில் நீளத் துவக்குப் பதிவேட்டை ஒழித்தார்கள். அதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டார்கள். சி-68இன் மிச்சம் முழுவதும் அப்படியே நின்றது.

2013 ஜூனில் அல்பேர்ட்டாவில் பெருவெள்ளம். ஹை ரிவர் என்ற ஊர் முழுவதையும் வெளியேற்றினார்கள். சனம் இல்லாத வீடுகளுக்குள் ஆர்.சி.எம்.பி. பொலிஸார் கதவை உடைத்துப் போனார்கள். ஆட்கள் சிக்கியிருக்கிறார்களா என்று பார்க்கப் போனது சரி. போன இடத்தில் நூற்றுக்கணக்கான துவக்குகளை எடுத்துக்கொண்டு வந்தது பெரும் பிரச்சினையானது. பொலிஸ் சில இடங்களில் தன் அதிகாரத்தை மீறியது என்று முறைப்பாட்டு ஆணைக்குழு 2015இல் சொன்னது. அப்போது ஒட்டாவாவில் ஆட்சியில் இருந்தது துவக்குக்காரர்களின் கட்சி என்று சொல்லப்பட்ட கொன்சவேற்றிவ் கட்சி.

அடுத்த வருடம் இன்னொன்று. செக் நாட்டு சி.இசற்.858, சுவிஸ் ஆம்ஸ் என்று இரண்டு வகைத் துவக்குகளைச் சனம் வருடக்கணக்காகச் சட்டப்படி வாங்கி வைத்திருந்தது. 2014 பெப்ரவரியில் ஆர்.சி.எம்.பி. அவற்றைத் தடைசெய்யப்பட்ட வகை என்று மாற்றியது. ஆயிரக்கணக்கானோர் ஒரு பிழையும் செய்யாமல் குற்றவாளி ஆகிற நிலை. அரசு பதறியடித்துப் பொதுமன்னிப்பு அறிவித்தது. பிறகு சி-42 என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது. 'சாதாரண அறிவுத் துவக்கு லைசன்ஸ் சட்டம்' என்று அதற்குப் பெயர். பெயரைக் கேட்டு எங்கள் ஆக்கள் பெரிய நம்பிக்கை வைத்தார்கள். உள்ளே பார்த்தால், இரண்டு வகை லைசன்ஸை ஒன்றாக்கினார்கள். முடிந்த லைசன்ஸுக்கு ஆறு மாதத் தவணை கொடுத்தார்கள். கைத்துவக்கைச் சுடுகளத்துக்குக் கொண்டுபோகிற அனுமதியை லைசன்ஸோடு சேர்த்தார்கள். இவை நல்லவை. ஆனால் படிவப் பிழையைக் குற்றவியல் சட்டத்தில் இருந்து எடுக்கவில்லை. பத்து வருட லைசன்ஸ் கேட்டவர்களுக்கு அது கிடைக்கவில்லை. ஆகப் பெரிய பிழை, வகைப்படுத்துகிற அதிகாரத்தைப் பாராளுமன்றத்திடம் கொடுப்பதற்குப் பதிலாக மந்திரிசபையின் கையை இன்னும் நீட்டிவிட்டார்கள். பொலிஸ் தடை என்று சொன்னதை மந்திரிசபை இல்லை என்று மாற்றலாம் என்றார்கள். அப்படியே அந்தத் துவக்குகளை மீண்டும் சட்டபூர்வமாக்கினார்கள். எங்கள் ஆக்கள் கைதட்டினார்கள். 2015 ஜூனில் சட்டம் நிறைவேறியது, ஒக்டோபரில் ஆட்சி போனது. மந்திரிசபை ஒரு கையெழுத்தில் கொடுத்ததை இன்னொரு மந்திரிசபை ஒரு கையெழுத்தில் பறிக்கும் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

அது 2020 மே 1ஆம் திகதி நடந்தது.

அதற்கு இரண்டு கிழமைக்கு முந்தி, ஏப்ரல் 18, 19ஆம் திகதிகளில் நோவா ஸ்கோஷியாவின் போர்ட்டபிக் என்ற சிற்றூரில் தொடங்கி ஒருவன் பொலிஸ் வேடத்தில் வீதி வீதியாகப் போய் 22 பேரைக் கொன்றான். நாடு முழுவதும் அழுதது. ஜஸ்ரின் ட்ரூடோவின் அரசு மந்திரிசபைக் கட்டளை ஒன்றால் 1,500க்கு மேற்பட்ட துவக்கு வகைகளைத் தடைசெய்தது. மொன்றியல் கொலைகாரன் பாவித்த ருகர் மினி-14உம் அதில் ஒன்று. அந்தப் பெற்றோர் முப்பது வருடம் காத்திருந்து கேட்ட விஷயம் அது. அவர்களுடைய நிம்மதியை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் போர்ட்டபிக் கொலைகாரனிடம் லைசன்ஸ் இருக்கவில்லை. அவனுடைய துவக்குகளில் பெரும்பாலானவை அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் இருந்து கள்ளமாகக் கொண்டுவந்தவை. அவனிடம் சட்டவிரோதத் துவக்கு இருக்கிறது, அவன் தன் துணையை அடிக்கிறான் என்று 2013இலேயே அயலவர் ஒருவர் பொலிஸிடம் சொல்லியிருந்தார். அதற்கு இரண்டு வருடம் முந்தி, பொலிஸ்காரரைக் கொல்லப்போவதாக அவன் சொன்னான் என்று ஒரு எச்சரிக்கையும் பொலிஸ் நிலையங்களுக்குப் போயிருந்தது. யாரும் அவன் துவக்குகளைப் பறிக்கவில்லை. தினமும் சோதிக்கப்படுகிற எனக்கு இந்த இடத்தில்தான் நெஞ்சு எரிகிறது. லைசன்ஸ் உள்ளவன் மீது இப்படி ஒரு முறைப்பாடு வந்திருந்தால் லைசன்ஸ் அதிகாரி அவனைத் தேடி வந்திருப்பார். லைசன்ஸே எடுக்காதவனைத் தேடிப்போக ஒருவரும் இல்லை.

இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். அந்தக் கொலைகளை விசாரித்த ஆணைக்குழு 2023 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டபோது, துவக்குச் சட்டத்தை இன்னும் இறுக்க வேண்டும் என்றே பரிந்துரைத்தது. எங்கள் பக்கத்து ஆக்கள் அந்த அறிக்கையில் பொலிஸைக் குறைசொன்ன பக்கங்களை மட்டும் படிக்கிறார்கள். முழுவதையும் படிக்க வேண்டும். இறுக்குவதை நான் எதிர்க்கவில்லை. எதை இறுக்குகிறோம், யாரைக் கேட்டு இறுக்குகிறோம் என்றுதான் கேட்கிறேன்.

மே 2020 தடைக்கு எதிராகப் பாராளுமன்ற இணையத்தளத்தில் வைத்த மனுவில் 2,30,000க்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். ஒரு பிரயோசனமும் இல்லை. அப்போது எதிர்க்கட்சியான கொன்சவேற்றிவ் கட்சியின் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டவர்களில் ஒருவர் எரின் ஓ'டூல். துவக்குக்காரர்களின் ஆதரவைத் தேடித் தேடி வாங்கி, அந்த வாக்குகளோடு 2020 ஓகஸ்டில் தலைவரானார். 2021 தேர்தல் விஞ்ஞாபனத்தில் மே 2020 தடையை நீக்குவோம் என்று அச்சடித்தார்கள். பிரசாரத்தின் நடுவில் ட்ரூடோ அதைப் பிடித்துக்கொண்டார். நகரங்களில் வாக்குப் போய்விடும் என்று ஓ'டூல் பயந்தார். தடை அப்படியே இருக்கும், மீளாய்வு செய்வோம் என்று விஞ்ஞாபனத்தில் ஓர் அடிக்குறிப்பைச் சேர்த்தார்கள்.

ஓர் அடிக்குறிப்பு! வருடக்கணக்காக அந்தக் கட்சிக்குக் காசு கொடுத்த சனத்துக்கு வாக்கெடுப்புக்கு இரண்டு கிழமைக்கு முதல் கிடைத்த மரியாதை அது. எங்கள் சுடுகளத்தில் அந்தக் கிழமை பேசிய பேச்சு எனக்கு இன்னும் நினைவில் நிற்கிறது. லிபரல் மேல் கோபப்பட்டுப் பழகிய கிழவர்கள் அன்று முதல்தடவையாகத் தங்கள் கட்சியைத் திட்டினார்கள். "அவங்கள் எங்களை வெறுக்கிறாங்கள், அது தெரியும். இவங்கள் எங்களைப் பாவிக்கிறாங்கள்" என்று அறுபது கடந்த ஒரு விவசாயி சொன்னதை நான் தமிழில் அப்படியே மனதில் எழுதி வைத்திருக்கிறேன். ஓ'டூல் அந்தத் தேர்தலில் தோற்றார். 2022 பெப்ரவரியில் சொந்த எம்.பி.க்களே அவரைத் தலைமையில் இருந்து நீக்கினார்கள். அவருக்குப் பிறகு வந்த பியர் பொலியேவ் தடைகளை நீக்குவேன் என்று உரத்துச் சொல்கிறார். ஹார்ப்பர் காலத்தில் அவரும் அதே அரசில் இருந்தவர் என்பதை நான் மறக்கவில்லை.

லிபரல் அரசு அதோடு நிற்கவில்லை. 2022 மேயில் சி-21 வந்தது. அந்த வருடம் ஒக்டோபர் 21 தொடக்கம் தனி ஆட்கள் கைத்துவக்கு வாங்க முடியாது, விற்க முடியாது, பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. ஒலிம்பிக் வகைப் போட்டிக்காரருக்கு மட்டும் விலக்கு. எங்கள் கழகத்தில் ஒருவர் தகப்பன் விட்டுப்போன கைத்துவக்கை நாற்பது வருடமாகப் பூட்டிப் பாதுகாக்கிறார். அவர் கண்ணை மூடினால் அது அரசுக்கோ அழிவுக்கோ போகும். அவருடைய மகளும் கட்டுப்படுத்தப்பட்ட லைசன்ஸ் எடுத்தவள். இந்தச் சட்டத்தால் ரொறன்ரோவில் எந்தக் குழுச்சண்டைக்காரனின் இடுப்பில் இருந்து துவக்கு போனது என்று கேட்டால் பதில் இல்லை.

நவம்பரில் அந்தச் சட்டத்துக்குள்ளே, குழுநிலையில், முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு திருத்தத்தைச் செருகினார்கள். வேட்டைக்காரர் பாவிக்கிற பல நீளத் துவக்குகளும் தடைக்குள் வருகிற மாதிரி அதன் வரைவிலக்கணம் இருந்தது. அப்போதுதான் இந்தக் கோபம் நகரத்துக் காதுக்கும் கேட்டது. மொன்றியல் கனேடியன்ஸ் அணியின் கோல் காப்பாளர் கெரி பிறைஸ் வேட்டை உடுப்போடு படம் போட்டு எதிர்ப்புச் சொன்னார். அவர் பூர்வகுடிச் சமூகத்தைச் சேர்ந்தவர். முதல்குடிகள் பேரவை டிசம்பரில் அவசரத் தீர்மானம் போட்டது. இறைச்சிக்காக வேட்டையாடுவது அரசியலமைப்பு ஏற்றுக்கொண்ட அவர்களுடைய உரிமை. அவர்களை ஒரு வார்த்தை கேட்காமலே எழுதின திருத்தம் அது. வடக்குத் தொகுதி லிபரல், என்.டி.பி. எம்.பி.க்களே தங்கள் சனத்துக்கு முகம் கொடுக்க முடியாமல் நின்றார்கள். 2023 பெப்ரவரியில் திருத்தத்தை மீளப்பெற்றார்கள். ஆனால் 2024 டிசம்பரில் 324 வகைகளும், 2025 மார்ச்சில் 179 வகைகளும் மந்திரிசபைக் கட்டளையால் தடையாகின. பாராளுமன்ற வாசலில் தோற்றதை அவர்கள் பின்வாசலால் கொண்டுவந்தார்கள். எஸ்.கே.எஸ். என்ற துவக்கை மட்டும் வெளியே விட்டார்கள், ஏனென்றால் அது பூர்வகுடிகளின் கையில் அதிகம். அதனால் மொன்றியல் குடும்பங்களும் இன்று அரசின்மேல் கோபமாகத்தான் இருக்கிறார்கள். எங்களுக்கும் இல்லை, அவர்களுக்கும் இல்லை என்று ஒரு கொள்கை.

இங்கே என் பக்கத்து ஆக்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2022 டிசம்பரில், அந்த 14 பெண்களின் நினைவுநாள் வருகிற நேரத்தில், துவக்குக்காரரின் பெரிய அமைப்பு ஒன்று தன் கடையில் விலைக்கழிவுக்கு 'பொலி' என்ற சொல்லைக் குறியீடாக வைத்தது. அந்தக் கல்லூரியின் பெயர் அது. பொலியேவே அதைக் கண்டித்தார். நான் அந்த அமைப்புக்கு அதன் பிறகு ஒரு சதமும் கொடுக்கவில்லை. செத்த பிள்ளைகளின் தாயைக் குத்திக் காட்டுகிறவனுக்கு என்னுடைய உரிமையைப் பற்றிப் பேசத் தகுதி கிடையாது. லைசன்ஸே வேண்டாம் என்கிற கூட்டத்தோடும் எனக்கு உடன்பாடு இல்லை.

சரி, நம்முடைய ஊருக்கு வருவோம். தொண்ணூறுகளின் கடைசியில் ஸ்காபரோவில் நம் பெடியள் குழுக் குழுவாகச் சுட்டுக்கொண்டதை மறந்துவிட்டோமா? 2012 ஜூலையில் டன்சிக் வீதியில் ஒரு விருந்தில் இரண்டு இளையவர்கள் செத்து, இருபதுக்கு மேற்பட்டோர் காயப்பட்டது நம்முடைய அயலில். ரொறன்ரோ பொலிஸ் குற்ற இடங்களில் எடுத்து, எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்த துவக்குகளில் பத்தில் எட்டுக்கு மேல் அமெரிக்காவில் இருந்து வந்தவை. எல்லை தாண்டி வருகின்றன, வாகனக் கதவுக்குள் வருகின்றன. களவுபோகிற துவக்கும் உண்டு. 2018இல் டான்ஃபோர்த் வீதியில் இரண்டு பேரைக் கொன்ற கைத்துவக்கு சஸ்காச்சுவானில் திருடப்பட்டது. ஆகவே எங்கள் பூட்டுகள் நல்ல பூட்டாக இருக்க வேண்டும், அதைச் சோதிக்க வேண்டும். அதற்கு ஆளும் காசும் வேண்டும்.

காசு எங்கே போகிறது? தடைசெய்த துவக்குகளை அரசே வாங்கி அழிக்கிற திட்டத்துக்குப் போகிறது. 2020இல் அறிவித்த திட்டம் இது. தனி ஆட்களிடம் வாங்கத் தொடங்கியது 2025 இலையுதிர் காலத்தில். அதுவும் நோவா ஸ்கோஷியாவின் கேப் பிறெற்றனில் ஒரு முன்னோட்டமாக. அங்கே கிடைத்தது 25 துவக்குகள். அவற்றைக் கொடுத்தவர்கள் 16 பேர். அல்பேர்ட்டாவும் சஸ்காச்சுவானும் இதற்கு எதிராகச் சொந்தச் சட்டமே போட்டிருக்கின்றன. ஒன்ராறியோ மாகாணப் பொலிஸும் ரொறன்ரோ பொலிஸும் தாங்கள் சேகரிக்கப் போவதில்லை என்றன. ஆர்.சி.எம்.பி. பொலிஸாரின் சங்கம் 2020 தடை குற்றவாளிகளைத் தொடவில்லை என்று அந்த வருடமே எழுதியது.

இந்தத் திட்டத்தை இப்போது பொறுப்பேற்று நடத்துகிறவர் நம்முடைய ஹரி ஆனந்தசங்கரி. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், ஸ்காபரோவின் எம்.பி., 2025 மே தொடக்கம் பொதுப் பாதுகாப்பு அமைச்சர். தமிழருக்காக அவர் செய்தவற்றை மதிக்கிறவன் நான். அவருக்கு வாக்குக் கேட்டு வந்த பிள்ளைகளுக்கு எங்கள் வீட்டில் தேத்தண்ணி கொடுத்திருக்கிறோம். "தமிழன் மந்திரி, நீ ஏன் எதிர்க்கிறாய்?" என்று கேட்பவர்களுக்கு என் பதில், தமிழன் என்பதால்தான் உரிமையோடு கேட்கிறேன்.

2025 செப்டம்பரில், துவக்கு வைத்திருக்கிற தனக்குத் தெரிந்த ஒருவரோடு அவர் கதைத்தது ஒலிப்பதிவாக வெளியே வந்தது. அதில், உள்ளூர்ப் பொலிஸிடம் இதைச் செய்ய ஆள்பலம் இருக்கிறதா என்று அவரே சந்தேகப்பட்டார். முதலில் இருந்து தொடங்குவதாக இருந்தால் வேறு மாதிரிச் செய்வேன் என்ற கருத்திலும் பேசினார். கியூபெக்கில் தங்களுக்கு வாக்களித்த சனத்துக்கு இது முக்கியமான விஷயம் என்றும் சொன்னார். பிறகு அந்தப் பேச்சு பொருத்தமற்றது என்று சொல்லி, திட்டம் தொடரும் என்றார். தனிப்பட்ட பேச்சைப் பதிவு செய்து வெளியிட்டதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அதைக் கேட்ட இரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஏனென்றால் அவர் சொன்னது முழுவதும் உண்மை. துவக்குக்காரர் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டு வந்ததை அமைச்சரே ஒத்துக்கொள்கிறார், அடுத்த நாள் அதையே செய்யவும் போகிறார்.

தடைசெய்த துவக்கை அரசுக்கு அறிவிக்கிற காலம் 2026 ஜனவரி 19 முதல் மார்ச் 31 வரை என்று வைத்தார்கள். முந்தி அறிவித்தவருக்குக் காசு, காசு முடிந்தால் இல்லை. அறிவிக்காவிட்டாலும் துவக்கை வைத்திருக்க முடியாது. பொதுமன்னிப்புக் காலம் 2026 ஒக்டோபர் 30ஆம் திகதி முடிந்த பிறகு அதை வைத்திருப்பவர் குற்றவாளி. சிறைக்குப் போகக்கூடியவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். வகுப்புக்குப் போனவர், மனைவியின் கையெழுத்து வாங்கினவர், விலாசம் மாறினால் முப்பது நாளுக்குள் அரசுக்கு அறிவித்தவர். அரசிடம் இருப்பது அவருடைய விலாசம் மட்டும்தான்.

லிபரல் கட்சியிடம் நான் கேட்பது இது. லைசன்ஸை இறுக்குங்கள். தலைமைத் துவக்கு அதிகாரிகளின் அலுவலகங்களுக்கு ஆள் போடுங்கள். வீட்டு வன்முறை முறைப்பாடு வந்த அன்றே துவக்கைப் பறியுங்கள், என் வீடாக இருந்தாலும். எல்லையில் ஆளும் கருவியும் போடுங்கள். துவக்கை வகைப்படுத்துகிற வேலையை, அது எப்படிச் சுடுகிறது, எத்தனை ரவை பிடிக்கிறது என்ற அளவுகோலோடு சட்டமாக எழுதிப் பாராளுமன்றத்தில் வாக்குக்கு விடுங்கள். பெயர்ப் பட்டியலைக் கட்டளையாக வெளியிட வேண்டாம். கொன்சவேற்றிவ் கட்சியிடம் நான் கேட்பதும் இதேதான், ஒன்றைக் கூட்டி. ஆட்சிக்கு வந்தால் மந்திரிசபைக் கட்டளையால் எல்லாவற்றையும் திருப்பிப் போடுவோம் என்று எங்களைக் குளிர்விக்க வேண்டாம். அந்த அதிகாரத்தையே மந்திரிசபையிடம் இருந்து எடுப்போம் என்று அச்சில் எழுதுங்கள், அடிக்குறிப்பு இல்லாமல்.

அமைச்சர் ஹரி ஆனந்தசங்கரி அவர்களே, தெரிந்த ஒருவரிடம் மனம் திறந்து சொன்னதை மந்திரிசபை மேசையிலும் சொல்லுங்கள். இதைப் படிக்கிற ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் தமிழ் உறவுகளே, உங்களில் பெரும்பாலானோரிடம் துவக்கு இல்லை, வேண்டவும் வேண்டாம். ஆனால் ஸ்காபரோவில் சூடு விழுந்தால் முதலில் பயப்படுவது நீங்கள்தான். உங்கள் எம்.பி.யின் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வாங்கி அழிக்கிற திட்டத்துக்கு ஒதுக்கிய காசில் எவ்வளவை எல்லைக்கும் லைசன்ஸ் அலுவலகங்களுக்கும் மாற்றுவீர்கள் என்று அந்தக் கடிதத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை திரும்பவும் எழுதுங்கள்.